மயக்க மருந்துப் பிரிவுக்கு முழு மார்க், ஐசியூவுக்குப் பாதிதான்

பெங்களூரில் பன்னார்கட்டா சாலைப் பக்கம் ஒரு பெரிய தனியார் மருத்துவமனை. போன மாதம் அங்கேதான் அப்பாவுக்குப் பெருங்குடல் கட்டி ஆபரேஷன் நடந்தது. வயது 71, சர்க்கரை, பிரஷர், இரண்டு காதிலும் கருவி. சர்ஜனைப் பற்றி நாலு பேரிடம் விசாரித்த நாங்கள், மயக்க மருந்து கொடுப்பது யார் என்று ஒருவரிடமும் கேட்கவில்லை.

ஆபரேஷனுக்கு ஐந்து நாள் முன்னால் மயக்க மருந்து டாக்டரைப் பார்க்க அனுப்பினார்கள். ஒரு கையெழுத்தோடு முடியும் என்று போனோம், அந்த டாக்டரம்மா முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார், அதுவும் தமிழிலேயே பேசி. வாயைப் பெரிதாகத் திறக்கச் சொல்லிப் பார்த்தார், கழுத்தைப் பின்னால் சாய்க்கச் சொன்னார், மூச்சுக்குழாய் போடும்போது உடைந்து உள்ளே போய்விடக் கூடாதே என்று ஆடும் பல் இருக்கிறதா எனத் தொட்டுப் பார்த்தார். "ஐயா, நிற்காம ரெண்டு மாடி ஏறுவீங்களா?" என்று கேட்டார். இதயமும் நுரையீரலும் எவ்வளவு தாங்கும் என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தக் கேள்வி.

அப்புறம் மாத்திரைப் பையைக் கொட்டச் சொன்னார். அதில் டாபாகிளிஃப்லோசின் என்ற சர்க்கரை மாத்திரை இருந்தது. "ஆபரேஷன் அன்று காலை சர்க்கரை மாத்திரை வேண்டாம்" என்று மட்டும்தான் எங்களுக்கு முதலில் சொல்லியிருந்தார்கள். ஆனால் இதை மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டுமாம், இல்லாவிட்டால் பட்டினியில் சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறிவிடுமாம். இந்த ஒன்றைக் கண்டுபிடித்ததற்கே அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

முதுகில் மெல்லிய எபிடியூரல் குழாய் வைத்து வலி மருந்து கொடுத்தார்கள். மறுநாளே அப்பா இருமிச் சளியைத் துப்பினார், மூச்சுப் பயிற்சிக்கான மூன்று பந்து கருவியையும் இழுத்தார். வயிற்றைக் கிழித்த வலியில் இருமப் பயந்தால் நெஞ்சில் சளி கட்டிவிடும் என்பதால் இது சின்ன விஷயமில்லை.

குறைகளும் உண்டு. வழக்கமாக திட உணவை 6 மணி நேரத்துக்கு முன்னாலும் தண்ணீரை 2 மணி நேரத்துக்கு முன்னாலும் நிறுத்தினால் போதும், டாக்டரும் அதைத்தான் எழுதிக் கொடுத்திருந்தார். வார்டில் முந்தின இரவு பத்து மணிக்கே தண்ணீரையும் நிறுத்திவிட்டார்கள். ஆபரேஷன் தொடங்கியது மறுநாள் பகல் பன்னிரண்டுக்கு.

ஐசியூவில் எந்த நேரமும் மானிட்டர் பக்கத்தில் ஆள் இருந்தார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உள்ளே கொண்டுபோகும்போதே கண்ணாடி, காதுக் கருவி இரண்டையும் எங்கள் கையில் கொடுத்துவிட்டார்கள். இரண்டாவது இரவு அப்பாவுக்குக் குழப்பம் வந்து, கடையைப் பூட்ட வேண்டும் என்று எழுந்து டிரிப்பைப் பிடுங்கப் போயிருக்கிறார், கையைக் கட்டிப்போட்டார்கள். இரவு இரண்டு மணிக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். கருவியை மாட்டி, கண்ணாடியைப் போட்டு, "அப்பா, ஆபரேஷன் நல்லா முடிஞ்சுது, ஆஸ்பத்திரியிலதான் இருக்கீங்க" என்று சொன்னதும் பத்து நிமிடத்தில் அடங்கினார். பாவம், காது கேட்காமல், முகம் தெரியாமல், அங்கே பேசிய கன்னடமும் இந்தியும் புரியாமல் அவர் என்னதான் செய்வார்? வயதானவர்களுக்கு ஐசியூவில் இப்படி ஆவது சகஜம் என்றார் நைட் டியூட்டி டாக்டர். சகஜம் என்று தெரிந்திருந்தால் கருவியை ஏன் கழற்றிக் கொடுத்தீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

அங்கிருந்த மலையாளி நர்ஸ் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. வலிக்குதா, தண்ணி வேணுமா, மூச்சு இழுங்க என்று நான் சொல்லச் சொல்ல ஒரு தாளில் மலையாள எழுத்தில் எழுதிக் கட்டிலில் ஒட்டிக்கொண்டார். கையில் கட்டியதை அப்போதே அவிழ்த்துவிட்டார்கள்.