டாசிட்டஸா, வெண்கலமா? பிசோ வழக்கின் இரண்டு சாட்சிகள்

கி.பி. 19 அக்டோபர் 10 அன்று, ரோமப் பேரரசர் டைபீரியஸின் வளர்ப்பு மகன் ஜெர்மானிகஸ் அந்தியோக்கியாவில் இறந்தார். பழி சிரியாவின் ஆளுநர் பிசோ மேல் விழுந்தது. மறு ஆண்டு செனட் விசாரித்தது. தீர்ப்புக்கு முன்பே பிசோ இறந்துபோனார். இந்த வழக்கை அறிய ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸின் நூலும், தென் ஸ்பெயினில் கிடைத்து 1996-இல் பதிப்பிக்கப்பட்ட செனட் தீர்மான வெண்கலப் பட்டயங்களும் இருக்கின்றன.

டாசிட்டஸ் எழுதியது ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து. பிற்காலப் பேரரசர் டொமீஷியனின் கொடுங்கோன்மையில் செனட்டராக வாழ்ந்த கசப்பு அவருடைய டைபீரியஸ் மீதும் படிந்திருக்கிறது. ஆனால் அவருடைய சாய்வு பச்சைப் பொய்யாக வருவதில்லை. பிசோவிடம் பேரரசரின் ரகசியக் கடிதம் இருந்தது, அவரை ஆளனுப்பிக் கொன்றார்கள் என்று முதியவர்கள் பேசக் கேட்டதாகச் சொல்வார். உறுதிசொல்ல மாட்டேன் என்றும் சேர்ப்பார். சந்தேகம் மட்டும் வாசகர் மனதில் தங்கிவிடும். அதனால் அவரைப் படிக்கும்போது நடந்தது, பிறர் சொன்னது, அவர் பிறர்மேல் ஏற்றும் நோக்கம் என மூன்றாகப் பிரித்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அவர் எவ்வளவு மாற்றுவார் என்று அளக்கவும் வழி உண்டு. கி.பி. 48-இல் பேரரசர் கிளாடியஸ் செனட்டில் பேசிய உரை, 1528-இல் பிரான்சின் லியோனில் கிடைத்த வெண்கலப் பலகையில் இருக்கிறது. டாசிட்டஸ் அதைச் சுருக்கி, அலைபாயும் பேச்சை ஒழுங்காக்கி, தன் நடையில் தருகிறார். வெளியாரைச் சேர்த்துக்கொண்டே ரோம் வளர்ந்தது என்ற மைய வாதம் அப்படியே நிற்கிறது. உரைகளில் சொல்லை நம்பாமல் வாதத்தை நம்பலாம் என்பதற்கு இதைவிட நல்ல சோதனை இல்லை.

சரி, வெண்கலம் நடுநிலையா? இல்லவே இல்லை. மாகாணங்களின் முக்கிய நகரங்களிலும் படையணிகளின் குளிர்கால முகாம்களிலும் வைக்கச் சொல்லி செனட்டே வெளியிட்ட அரசு அறிக்கை அது. பேரரசர் குடும்பத்துக்கு நீண்ட மெய்க்கீர்த்தி பாடுகிறது. ஜெர்மானிகஸ் சிலையின் கல்வெட்டிலிருந்து பிசோவின் பெயரை நீக்கவும் ஆணையிடுகிறது. ஆக, ஒரு கல்லில் பெயர் இல்லை என்பதாலேயே அந்த ஆள் அங்கே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. இன்னொரு இழப்பு: பட்டயங்கள் உலோகம் தேடும் கருவிகளோடு திருட்டுத்தனமாகத் தோண்டியவர்கள் வழியாக வெளிவந்தவை. எந்தக் கட்டடத்தில், எந்த மண்ணடுக்கில் கிடந்தன என்ற தகவல் போய்விட்டது. அதை இனி எந்த ஆய்வகமும் மீட்டுத் தராது.

இரண்டும் ஒத்துப்போகும் இடம் வியப்பானது. பிசோவின் மனைவி பிளான்சினாவை டைபீரியஸின் தாய் லிவியாவின் வேண்டுகோளுக்காக மன்னித்ததாகத் தீர்மானமே வெளிப்படையாகச் சொல்கிறது. டாசிட்டஸ் இட்டுக்கட்டிய அரண்மனைக் கிசுகிசு என்று ஒதுக்க இனி வழியில்லை. விஷக் குற்றச்சாட்டு எடுபடவில்லை என்கிறார் அவர். பட்டயத்திலும் விஷம் என்ற பேச்சே இல்லை.

முட்டிக்கொள்வது தேதியில்தான். டாசிட்டஸின் வரிசைப்படி வழக்கு முடிந்த பிறகே டைபீரியஸின் மகன் டுரூசஸின் வெற்றி ஊர்வலம். ரோமின் துறைமுக நகர் ஓஸ்டியாவின் நாட்குறிப்புக் கல்வெட்டு அந்த ஊர்வலத்தை கி.பி. 20 மே 28 என்கிறது. தீர்மானத்தின் தேதியோ அதே ஆண்டு டிசம்பர் 10. விசாரணை வசந்தத்தில் முடிந்து தீர்மானம் தாமதமாக வந்தது என்போர் உண்டு. தீர்மானத்தின் தேதியைத் திரிப்பதால் செனட்டில் யாருக்கும் லாபமில்லை. கதையோட்டத்துக்காக நிகழ்ச்சிகளை முன்பின்னாக நகர்த்த ஓர் எழுத்தாளருக்குக் காரணம் உண்டு. இங்கே வெண்கலத்தின் பக்கமே நிற்கலாம்.