ஹாக்கன் ரைபிளுக்கு எந்த கேப்: 11-ஆம் எண்ணா, மஸ்கெட்டா?

செயின்ட் லூயிஸின் ஹாக்கன் சகோதரர்கள் செய்த மலைநாட்டு ரைபிள்களின் இன்றைய நகல்கள் பெரும்பாலும் 11-ஆம் எண் கேப்புக்கான நிப்பிளோடுதான் வருகின்றன. கேப் என்பது துப்பாக்கியின் சுத்தியல் அடித்ததும் பொறி விடும் சின்ன உலோக மூடி; நிப்பிள் என்பது அதை மாட்டும், துளையுள்ள சிறு குமிழ். அசல் கருமருந்து போட்டுச் சுடுபவருக்கு 11-ஆம் எண்ணே போதும். கருமருந்து சின்னப் பொறியிலேயே பற்றிக்கொள்ளும்.

பைரோடெக்ஸ் போன்ற மாற்று மருந்து அப்படியல்ல. பற்றுவதற்குக் கூடுதல் சூடு வேண்டும். மஸ்கெட் கேப் கைகொடுப்பது அங்கேதான். 1853 என்ஃபீல்ட், 1861 ஸ்பிரிங்ஃபீல்ட் ஆகிய ராணுவத் துப்பாக்கிகளில் சிப்பாய்கள் பொருத்தியது இதைத்தான். விளிம்பு விரிந்து குட்டித் தொப்பி மாதிரி இருக்கும். உள்ளே மருந்து அதிகம், தீயும் பெரிது. குளிரில் விறைத்த விரலுக்கும் எளிதாகச் சிக்கும். 11-ஆம் எண் புல்லில் விழுந்தால் தேடவே வேண்டாம், போனதுதான்.

ஆனால் மஸ்கெட் கேப்புக்கு நிப்பிளை மாற்ற வேண்டும். சுத்தியலின் குழிவும் அதற்கு இடம் கொடுக்க வேண்டும். பழைய தோற்றம்தான் முக்கியம் என்பவருக்கு அது உறுத்தும்.

எதைப் போட்டாலும் சரி, தீ போகும் வழியில் எண்ணெய் தேங்கியிருந்தால் 'டப்' என்ற சத்தத்தோடு முடிந்துவிடும். என்னைக் கேட்டால், கருமருந்துக்கு 11-ஐயே வைத்துக்கொள்ளலாம். பைரோடெக்ஸ் என்றால் மஸ்கெட்டுக்கு மாறிவிடுங்கள்.