சூசா அங்கியா, மேதியக் காற்சட்டையா? ஒரு பாரசீக வீரனுக்கு உடை தேடிய கதை

என் மேசையில் இப்போது இரண்டு பாரசீக வீரர்கள் நிற்கிறார்கள். இரண்டுமே 75 மி.மீ. உயர ரெசின் பொம்மைகள். துண்டு துண்டாக வந்ததை ஒட்டி, நானே வண்ணம் தீட்டினேன். ஒருவன் கணுக்கால் வரை புரளும் அங்கி போட்டவன். இன்னொருவன் காற்சட்டையும் முழங்கால் வரை தொங்கும் மேற்சட்டையும் போட்டவன். பெட்டிகள் வேறு வேறு, ஆனால் இரண்டின் மேலும் எழுதியிருந்தது ஒன்றுதான்: செர்க்செஸ் மன்னனின் சாகாப் படை வீரன், கி.மு. 480.

செர்க்செஸ், கி.மு. 480-இல் கிரேக்கத்தின் மேல் படையெடுத்த பாரசீகப் பேரரசன். சாகாப் படை என்பது அவனுடைய பத்தாயிரம் பேர் கொண்ட தேர்ந்த காலாட்படை. ஒரே படை, ஒரே பிரிவு, ஒரே ஆண்டு. எவன் உண்மையானவன்?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போர்க்களத்துக்கு நான் தேர்ந்தெடுத்தது காற்சட்டைக்காரனை. அங்கிக்காரனைத்தான் முதலில் வாங்கினேன், பாதி தீட்டியபின் நிறுத்திவிட்டேன். ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை. கறுப்பு உடை, உலோக முகமூடி, முதுகில் இரட்டை வாள் என்று திரையில் வரும் மூன்றாவது வகையைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. முகமூடிக்குச் சிற்பத்திலும் ஆதாரம் கிடையாது, எழுத்திலும் கிடையாது.

அங்கிக்காரனின் சொந்த ஊர், பாரசீகத் தலைநகர்களில் ஒன்றான சூசா. செர்க்செஸின் தந்தை முதலாம் டேரியஸ் அங்கே கட்டிய அரண்மனைச் சுவரில் வண்ண மெருகிட்ட செங்கல்லால் வில்வீரர்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். 1880-களில் தியூலஃபுவா தம்பதியர் தோண்டியெடுத்த அந்தச் செங்கற்கள் இன்று பாரீஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அகலக் கைகள், பூவும் கோட்டைக் கட்டமுமாக அச்சிட்டதுபோன்ற துணி, காதில் வளையம், தோளில் வில், முதுகில் குஞ்சம் தொங்கும் அம்பறாத்தூணி. இரண்டு கையாலும் நிமிர்த்திப் பிடித்த ஈட்டியின் அடிக்குமிழ், முன்னங்கால் மேல் அமர்ந்திருக்கும். அந்தக் குமிழ்தான் இவர்களுக்கு 'சாகாப் படை' என்ற பெயரை வாங்கிக் கொடுத்தது. பத்தாயிரம் பேரில் 1,000 பேருக்கு ஈட்டியடியில் தங்க மாதுளை, 9,000 பேருக்கு வெள்ளி மாதுளை என்று பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். சுவரில் குமிழ் இருக்கிறது, எழுத்தில் மாதுளை இருக்கிறது, ஆகவே இவர்கள்தான் அவர்கள் என்று பிற்காலத்தார் முடிச்சுப் போட்டார்கள். சுவரில் அப்படி எந்தப் பெயரும் பொறிக்கப்படவில்லை. செங்கற்களும் முழுச் சுவராகக் கிடைக்கவில்லை. சிதறிக் கிடந்தவற்றைப் பொறுக்கிச் சேர்த்ததுதான் நாம் பார்க்கும் வரிசை.

அழகில் குறை சொல்ல முடியாது. தீட்டுவதற்கு அதைவிட நல்ல பொம்மை கிடைக்காது. ஆனால் இது அரண்மனைச் சுவர். அங்கே நிற்பவன் காவல் நிற்கிறான், சண்டை போடவில்லை. கேடயம்கூட அவனிடம் இல்லை.

இப்போது காற்சட்டைக்காரன். அவன் போட்டிருப்பது பாரசீகர்களின் அண்டை இனத்தாரான மேதியரின் உடை. மேதியர் என்ற பெயர் விவிலியம் படித்தவர்களுக்குப் புதிதில்லை, தானியேல் ஆகமத்தில் பெர்சியரோடு சேர்ந்து வருகிறவர்கள்தான். குதிரையேற்றத்துக்கு ஏற்ற அவர்களுடைய உடை தங்கள் உடையைவிட அழகாக இருக்கிறது என்று பாரசீகர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள் என்கிறார் ஹெரோடோட்டஸ். செர்க்செஸின் படையை அவர் இனவாரியாக வரிசைப்படுத்தும் இடத்தில் பாரசீகர்களின் கோலம் இப்படி வருகிறது: தலையில் தொளதொளவென்ற கம்பளிக் குல்லா, பல வண்ணக் கைச்சட்டை, காற்சட்டை, பின்னல் கேடயம், அதன் கீழே தொங்கும் தூணி, குட்டை ஈட்டி, பெரிய வில், நாணல் அம்பு, வலது தொடையருகே இடைவாரில் தொங்கும் குறுவாள். (குல்லா, பைஜாமா இரண்டுமே நம்மிடம் பாரசீகத்திலிருந்து வந்த சொற்கள் என்பது தற்செயல்தான், ஆனாலும் தீட்டும்போது சிரிப்பு வந்தது.)

அந்தக் குறுவாள் இருக்கும் இடத்தைக் கவனியுங்கள். இன்னொரு பாரசீகத் தலைநகரான பெர்செபோலிஸின் படிக்கட்டுச் சிற்பங்களில் அங்கிக்காரர்கள் குறுவாளை வயிற்றுக்கு நேரே இடைவாரில் செருகியிருப்பார்கள். காற்சட்டைக்காரர்களுக்குத்தான் அது வலது தொடையில் தொங்கும், உறையின் நுனியைத் தொடையோடு வாரால் கட்டியிருப்பார்கள். படையைப் பற்றிச் சொல்ல வந்த ஹெரோடோட்டஸ் தொடையைச் சொல்கிறார். எனக்கு முதல் சந்தேகம் தீர்ந்த இடம் இதுதான். எடின்பரோவில் உள்ள ஒரு கிரேக்கக் கோப்பையும் இதற்கு ஒத்து வருகிறது. ஏறக்குறைய கி.மு. 480-ஐச் சேர்ந்த அந்த ஓவியத்தில் கிரேக்க வீரனிடம் தோற்கும் பாரசீகன் கோலம்போட்ட காற்சட்டையில்தான் இருக்கிறான். எதிரியை வரைந்த கை என்பதால் முகபாவத்தை நான் நம்பவில்லை, உடையை நம்புகிறேன்.

ஈட்டி, வில், அம்பு இவற்றில் இரண்டு பொம்மைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஈட்டி மட்டும் கிரேக்க ஈட்டியைவிடக் குட்டையாக இருக்க வேண்டும், கி.மு. 480-இல் தெர்மோபிலைக் கணவாயில் நடந்த சண்டையில் பாரசீகர்களுக்கு அது பாதகமாயிற்று என்ற குறிப்பு உண்டு. அம்புமுனை வெண்கலத்தில், மூன்று இதழோடு. தெர்மோபிலையின் கொலோனோஸ் குன்றில் 1939-இல் கிரேக்கத் தொல்லியலாளர் மரினாட்டோஸ் தோண்டியபோது கிடைத்த முனைகள் ஏராளம். கணவாயைக் காத்த ஸ்பார்ட்டா மன்னன் லியோனிடாஸின் ஆட்கள் கடைசியாக நின்ற இடம் அந்தக் குன்றுதான் என்று சொல்வதற்கே அவைதான் சாட்சி.

சரி, என்னை மாதக்கணக்கில் அலைக்கழித்த விஷயத்துக்கு வருகிறேன்: செதில் கவசம்.

காற்சட்டைப் பொம்மையின் பெட்டியைத் திறந்தால், மேற்சட்டைக்கு வெளியே மார்பு முழுக்க மீன் செதில் மாதிரி இரும்புத் தகடுகள் பளபளவென்று வார்த்திருந்தார்கள். அதற்கும் மூலம் ஹெரோடோட்டஸ்தான். ஆனால் அந்த வரியைப் போய்ப் படித்தால், பல வண்ணக் கைச்சட்டை என்று ஆரம்பித்து, மீன் செதில் போலத் தோன்றும் இரும்புச் செதில் என்று நேராகத் தாவுகிறது. சட்டையிலேயே செதிலா, வேறொரு கவசத்திலா? நடுவில் கவசம் என்பதற்கான சொல் ஏட்டைப் படியெடுத்தபோது எப்போதோ விழுந்துவிட்டது என்று நினைத்துச் சேர்த்துப் படிக்கும் அறிஞர்கள் உண்டு. அதோடு முடியவில்லை. பாரசீகர்கள் கிரேக்கர்களிடம் தோற்ற கி.மு. 479 பிளாட்டியா போரைச் சொல்லும்போது இதே ஹெரோடோட்டஸ், பாரசீகர்களுக்கு வீரமும் வலிமையும் குறையவில்லை, உடம்பில் கவசம் இல்லாததுதான் அவர்களைக் கெடுத்தது என்கிறார். ஓரிடத்தில் செதில், இன்னோரிடத்தில் வெறும் துணி.

இரண்டும் எப்படிப் பொருந்தும்? அதே போருக்கு முன்னால் நடந்த ஒரு மோதலில் பதில் இருக்கிறது என்பது என் எண்ணம். பாரசீகக் குதிரைப்படைத் தலைவன் மசிஸ்தியஸின் குதிரை விலாவில் அம்பு பட்டு அவனைக் கீழே தள்ளிவிடுகிறது. ஏதென்ஸ்காரர்கள் சூழ்ந்துகொண்டு குத்துகிறார்கள், குத்துகிறார்கள், அவன் சாகவில்லை. அவன் போட்டிருந்த செந்நிறச் சட்டைக்கு அடியில் தங்கச் செதில் கவசம். கடைசியில் விஷயம் புரிந்து ஒருவன் கண்ணில் குத்திய பிறகுதான் உயிர் போகிறது.

சட்டைக்கு அடியில்! வெளியே தெரிந்திருந்தால் அத்தனை பேர் மெனக்கெட்டு மார்பில் குத்தியிருப்பார்களா? செதில் கவசம் இருந்ததில் சந்தேகமே வேண்டாம். 1930-களில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் கீழை ஆய்வு நிறுவனம் பெர்செபோலிஸ் கருவூலத்தைத் தோண்டியபோது இரும்பிலும் வெண்கலத்திலும் செதில்கள் கிடைத்திருக்கின்றன. ஆனால் அது எல்லோரிடமும் இருந்ததா? தலைவனுக்கு நிச்சயம். முன்வரிசையில் சிலருக்கு இருக்கலாம். பின்வரிசையில் நின்று அம்பு எய்கிறவனுக்கு அவ்வளவு இரும்பைச் சுமப்பதில் என்ன லாபம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகம். நான் வில்லைப் பிடித்தவனும் இல்லை, கவசம் போட்டவனும் இல்லை.

அளவும் உறுத்தியது. 75 மி.மீ. பொம்மையில் 3 செ.மீ. செதில் ஒரு மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டித்தான் வர வேண்டும். பெட்டியில் வந்தவனுடைய செதில் ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அத்தனையையும் தேய்த்தேன். மேலே எம்-சீலை மெல்லியதாகத் தேய்த்து, பல்குத்தும் குச்சியால் துணி மடிப்பு போட்டேன். முதல் தடவை மடிப்பு போடுவதற்குள் இறுகிவிட்டது, என் கை அவ்வளவு மெதுவு. இரண்டாம் தடவை சரியாக வந்தது. இடது விலாவில் மட்டும் சட்டை கிழிந்த மாதிரி ஒரு வாயைத் திறந்து, உள்ளே மூன்று செதிலைக் காட்டியிருக்கிறேன்.

கேடயத்திலும் திருத்த வேண்டியிருந்தது. இந்த ஆளுயரப் பின்னல் கேடயத்தைத் தட்டி என்று சொன்னால்தான் நமக்குச் சட்டென்று விளங்கும். ஈரத்தோலில் வரிசையாகத் துளையிட்டு மெல்லிய குச்சிகளைக் கோத்துவிட வேண்டும். தோல் காயக் காய இறுகி, குச்சி வளைந்து கொடுத்து, மொத்தமும் விறைத்துவிடும். இதே முறையில் செய்த சிறிய கேடயங்கள் அல்தாய் மலையின் பசிரிக் கல்லறைகளில் உறைபனிக்குள் கெடாமல் கிடைத்திருக்கின்றன. பிளாட்டியாவில் இந்தத் தட்டிகளை நட்டு வேலி கட்டி, பின்னால் நின்று அம்பு மழை பொழிந்தார்கள். வேலி விழுந்தபின் நடந்த கைச்சண்டையில்தான் கவசமில்லாத குறை தெரிந்தது. என் பொம்மைக்கு வந்தது வழவழவென்ற பலகை. பழைய விளக்குமாற்று ஈர்க்குகளை வெட்டி ஒட்டிச் சரிசெய்தேன். தலைக்குக் குல்லாவே போதும், இரும்புத் தொப்பி வேண்டாம். சில குதிரைவீரர்களுக்குத்தான் வெண்கல, இரும்புத் தலைக்கவசம் இருந்ததாகக் குறிப்பு. ஒலிம்பியாவில் 'மேதியரிடம் பறித்தது' என்று எழுதி ஏதென்ஸ்காரர்கள் ஸியூஸுக்குக் காணிக்கை வைத்த கூம்புக் கவசம் ஒன்று இருக்கிறது என்பதும் உண்மைதான். அது ஒன்றை வைத்துப் படைக்கே மாட்டிவிட எனக்கு மனம் வரவில்லை.

வண்ணத்தில் என் பிடி கொஞ்சம் தளர்வு. சீதோனில் 1887-இல் கிடைத்த, அலெக்சாந்தர் பேரில் வழங்கும் கல் சவப்பெட்டியில் காற்சட்டைப் பாரசீகர்கள் மஞ்சளும் சிவப்பும் நீலமுமாக இருக்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் தீட்டினேன். ஆனால் அது செர்க்செஸுக்கு ஒன்றரை நூற்றாண்டு பிந்தியது. இந்தத் துறையில் எல்லோரும் சறுக்கும் இடமும் அதுதான்: பேரரசை நிறுவிய சைரஸ் முதல் அதன் கடைசி மன்னன் மூன்றாம் டேரியஸ் வரை இருநூறு ஆண்டுக்கு மேல் ஓடிய பேரரசை ஒரே சட்டையில் அடைப்பது. கி.மு. 331-இல் அலெக்சாந்தரோடு நடந்த காகமேலா போருக்கு முன் வாளையும் ஈட்டியையும் நீட்டச் சொன்னவன் மூன்றாம் டேரியஸ். அந்த நீள ஈட்டியைக் கொண்டுவந்து கி.மு. 480 வீரன் கையில் கொடுக்கக் கூடாது.

அங்கிக்காரனுக்காகவும் ஒன்று சொல்லியாக வேண்டும். அக்கால முத்திரைகள் சிலவற்றில் அங்கி போட்டவன் எதிரியை ஈட்டியால் குத்துகிறான். ஈரானின் பெஹிஸ்துன் பாறைச் சிற்பத்தில் முதலாம் டேரியஸும் அங்கியோடு வில்லை ஊன்றிக்கொண்டுதான், அரியணையைப் பறித்தவன் என்று தான் குற்றம்சாட்டிய கௌமாதாவை மிதித்து நிற்கிறான். முன்கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டால், வேட்டியை மடித்துக் கட்டியவன் மாதிரி ஓடலாம்தான். அதனால் போர்க்களத்தில் அங்கியே கிடையாது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். இருந்தாலும் அவை மன்னனின் வெற்றியைப் பாட வந்த உருவங்கள். படைவரிசையில் ஓர் ஆளை நிறுத்து என்றால் என் கை காற்சட்டைக்குத்தான் போகிறது.

பாதியில் நின்ற அங்கிக்காரனையும் பிறகு முடித்தேன். அடியில் இருந்த மண்ணையும் புல்லையும் பெயர்த்துவிட்டு, செங்கல் தளம் வைத்து, அரண்மனை வாசலில் நிறுத்திவிட்டேன். அவன் இடத்தில் அவன் கம்பீரமாகத்தான் இருக்கிறான். அடுத்து செர்க்செஸ் படையோடு போன இந்தியன் ஒருவனைச் செய்யலாம் என்றிருக்கிறேன். பருத்தி உடை, மூங்கில் வில், இரும்பு முனை வைத்த மூங்கில் அம்பு என்று அவனையும் ஹெரோடோட்டஸ் சொல்லியிருக்கிறார். நான் தேடியவரை பெட்டியாக எங்கும் கிடைக்கவில்லை, முழுதும் கையால்தான் பிடிக்க வேண்டும். அந்தப் பருத்தியை எப்படிக் கட்டிவிடுவது என்ற பஞ்சாயத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.