ஆலயத்தில் ஓர் இரவு: சாம்பிங் தங்கல் சேவை

இங்கிலாந்தில் வழக்கமான வழிபாடு நின்றுபோன 350-க்கும் மேற்பட்ட ஆலயங்களைப் பராமரிக்கும் சர்ச்சஸ் கன்சர்வேஷன் டிரஸ்ட், அவற்றில் சிலவற்றை ‘சாம்பிங்’ என்ற பெயரில் இரவுத் தங்கலுக்கு வாடகைக்கு விடுகிறது. மடக்குக் கட்டில் தருகிறார்கள். கல் தரை என்பதால் கம்பளி ஒன்று கூடுதலாக எடுத்துச் செல்வது நல்லது.

நான் தங்கிய கிராமத்து ஆலயத்தில், பண்ணையார் குடும்பத்தின் இருக்கை மரத்தடுப்பும் கதவுமாகத் தனி அறைபோல் நிற்க, கூலியாட்கள் அமர்ந்த முதுகுசாயாப் பலகைகள் பின்சுவரோரம் கிடந்தன. வயலுக்கு இயந்திரங்கள் வந்தபின் அந்தக் கூலியாட்களின் பிள்ளைகள் நகரங்களுக்குப் போய்விட, அவர்களுடைய வீடுகளை வாங்கிய வசதிபடைத்தோரில் பலர் ஞாயிறு ஆராதனையை நாடுவதில்லை. ஒழுகும் கூரைக்கு இன்று என்னைப் போன்ற நகரவாசிகளின் வாடகையும் (வேடிக்கைதான்!) உதவுகிறது. காலையில் பீடத்துக்குப் பூ வைக்க வந்த மூதாட்டி ஒருவரே நான் கண்ட உள்ளூர் சபையார்.