கே-வொர்க்கர் ஒரு த்ரெட்டை விழுங்கும்போது: லினக்ஸ் லேப்டாப்பில் நீண்ட நாள் அனுபவம்

லினக்ஸ் லேப்டாப்பில் எதுவுமே திறந்திருக்கவில்லை, ஆனாலும் ஃபேன் ஓயாமல் சுற்றுகிறது என்றால், ப்ரௌசரைச் சந்தேகிப்பதற்கு முன் கே-வொர்க்கரைப் பாருங்கள். லினக்ஸின் மையமான கர்னல், தன் பின்னணி வேலைகளுக்கு வைத்திருக்கும் த்ரெட் அது. எனக்கு இந்தத் தொல்லை வந்து, ஒரு தீர்வைப் போட்டு, அந்தத் தீர்வோடு ஆண்டுக்கணக்கில் ஓட்டியும் ஆகிவிட்டது. அன்றைக்கு வேலை செய்த தீர்வு நாள்பட எப்படி இருக்கிறது என்று பெரும்பாலும் யாரும் திரும்ப வந்து சொல்வதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

இதில் ஆளை ஏமாற்றுவது மொத்தப் பயன்பாட்டு எண்தான். சிஸ்டம் மானிட்டர் 12 சதவீதம் என்று காட்டும். பார்த்தால் ஒன்றுமில்லாதது போல இருக்கும். ஆனால் நான்கு கோர், எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் எட்டு வேலைகளை ஓட்டும் இடம்) உள்ள ப்ராசசரில் 12 சதவீதம் என்றால் எட்டில் ஒன்று முழுதாகப் போய்விட்டது என்று பொருள். அந்த ஒரு கோர் டர்போ வேகத்திலேயே நிற்கும். ஒரு கோர் விழித்திருந்தால் ப்ராசசர் மொத்தமும் ஆழ்ந்த மின்சேமிப்பு நிலைக்குப் போகாது. மே மாத வெயிலில் லேப்டாப்பை மடியில் வைக்கவே முடியவில்லை. கரண்ட் போனால் பேட்டரி வழக்கத்தில் பாதி நேரம்கூட நிற்கவில்லை.

ஓடும் வேலைகளைப் பட்டியலிடும் ஹெச்டாப்பில் தேடினால் பல நேரம் ஆளே சிக்காது. கர்னல் த்ரெட்களை அது மறைத்து வைத்திருக்கும். ஷிஃப்ட்டுடன் கே விசையை அழுத்தினால்தான் காட்டும். பழைய டாப் கமாண்டில் நேரடியாகவே தெரியும். என் லேப்டாப்பில் பட்டியலின் உச்சியில் ஒரு கே-வொர்க்கர், 100 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாக, இறங்காமல் உட்கார்ந்திருந்தது.

இதைக் கில் செய்து பயனில்லை, கர்னல் த்ரெட் அந்தச் சிக்னலைக் கண்டுகொள்ளாது. கே-வொர்க்கர் கூலிக்கு வந்த ஆள் மாதிரி. வேலையைக் கொடுத்தவர் வேறு எங்கோ இருக்கிறார், அவரைத்தான் பிடிக்க வேண்டும். புதிய கர்னல்களில் கே-வொர்க்கரின் பெயரோடு அது பார்க்கும் வேலை வரிசையின் பெயரும் ஒட்டிக்கொண்டு வரும். என்னுடையதில் கேஏசிபிஐடி என்று இருந்தது. ப்ராசசர் எதில் நேரம் செலவிடுகிறது என்று காட்டும் பெர்ஃப் கருவியால் பத்து விநாடி பதிவெடுத்துப் பார்த்தபோதும் ஏசிபிஐ சார்ந்த ஃபங்ஷன்கள்தான் வரிசையாக வந்தன.

ஏசிபிஐ என்பது மின்சாரம், பேட்டரி, மூடி, வெப்பம் போன்றவற்றைப் பற்றி ஃபர்ம்வேரும் (வன்பொருளுக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்) ஆபரேட்டிங் சிஸ்டமும் பேசிக்கொள்வதற்கான தரநிலை. 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து வெளியிட்டது. வன்பொருளில் ஏதாவது நடந்தால் ஜிபிஇ எனப்படும் நிகழ்வு வழியாகக் கர்னலுக்குச் செய்தி போகும். இவற்றில் ஒரு வகை, சிக்னல் இருக்கும்வரை அடித்துக்கொண்டே இருக்கும். ஃபர்ம்வேர் அதன் மூலத்தை ஒழுங்காக அணைக்கவில்லை என்றால், கர்னல் ஒன்றைக் கவனித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்து நிற்கும். கே-வொர்க்கருக்கு ஓய்வே கிடையாது.

எந்த ஜிபிஇ என்று கண்டுபிடிப்பது எளிது. சிஸ் கோப்பகத்துக்குள் ஃபர்ம்வேர், அதற்குள் ஏசிபிஐ, அதற்குள் இன்டரப்ட்ஸ். அங்கே ஒவ்வொரு ஜிபிஇக்கும் ஒரு ஃபைல், உள்ளே எத்தனை முறை அடித்தது என்ற கணக்கு. பெரும்பாலானவற்றில் பூஜ்யம்தான். எனக்கு 13 என்ற எண்ணுடையது மட்டும் லட்சக்கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது. ரூட் (நிர்வாகி) உரிமையோடு அந்த ஃபைலில் டிஸேபிள் என்ற ஆங்கிலச் சொல்லை எழுதிய உடனே கே-வொர்க்கர் பட்டியலில் கீழே இறங்கிவிட்டது, சற்று நேரத்தில் ஃபேனும் அடங்கியது.

ஆனால் இங்கே அவசரப்படக் கூடாது. அந்த எண் எம்பெடட் கன்ட்ரோலருடையதாக (லேப்டாப்பின் விசைகள், பேட்டரி போன்றவற்றைக் கவனிக்கும் சிறு சிப், சுருக்கமாக ஈசி) இருந்தால் கையே வைக்காதீர்கள். பிரைட்னஸ் விசைகள், பேட்டரி அறிவிப்பு, மூடி மூடியது தெரிவது எல்லாம் அதன் வழியாகத்தான் வருகின்றன. கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கமாண்டின் வெளியீட்டில் ஏசிபிஐ, ஈசி என்ற சொற்கள் உள்ள வரிகளில் அதன் ஜிபிஇ எண் இருக்கும். முதலில் அதைப் பாருங்கள். என்னுடையது வேறு எண் என்பதால்தான் துணிந்து அணைத்தேன்.

அப்புறம், நிரந்தரமாக்குவது. ஃபைலில் எழுதியது ரீஸ்டார்ட் ஆனதும் போய்விடும். பூட் ஆகும்போது ஓடும் ஸ்கிரிப்டைக் கொஞ்ச காலம் வைத்திருந்தேன். லேப்டாப்பைத் தூங்கவைத்து எழுப்பினால் சில நேரம் தொல்லை திரும்பி வந்தது. அதற்குப் பிறகு லினக்ஸைப் பூட் செய்யும் கிரப்பின் அமைப்பில் ஏசிபிஐ-மாஸ்க்-ஜிபிஇ என்ற பூட் அளவுருவைச் சேர்த்தேன். மதிப்பு 0எக்ஸ்13. இன்றுவரை அதே வரிதான். நடுவே எத்தனையோ கர்னல் அப்டேட்கள் வந்துவிட்டன, அது அசையவில்லை. ஸ்கிரிப்ட், பூட் அளவுரு இரண்டில் எது என்று கேட்டால் யோசிக்காமல் பூட் அளவுரு என்பேன்.

ஏசிபிஐயை மொத்தமாக அணைத்துவிடு என்றும் சிலர் ஆலோசனை சொல்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பேட்டரி அளவு, வெப்பக் கண்காணிப்பு, மூடி எல்லாம் சேர்ந்தே போய்விடும்.

நான் இழந்தது ஒன்று உண்டு. டைப்-சி போர்ட்டில் வெளித்திரையைச் செருகினால் சில நேரம் உடனே தெரிவதில்லை. ஒருமுறை தூங்கவைத்து எழுப்பினால் வந்துவிடும். தினமும் வெளித்திரையில் வேலை செய்பவருக்கு இது எரிச்சலாக இருக்கும். எனக்குப் பேட்டரியும் சூடும் முக்கியம் என்பதால் மனமார ஏற்றுக்கொண்டேன். ப்ராசசர் சும்மா இருக்கும்போது இப்போது ஃபேன் பெரும்பாலும் நின்றே இருக்கிறது.

உண்மையான தீர்வு ஃபர்ம்வேரில்தான் இருக்கிறது. அதனால் பயாஸ் (லேப்டாப்பின் முதன்மை ஃபர்ம்வேர்) அப்டேட் வரும்போதெல்லாம் கிரப் மெனுவில் ஈ விசையை அழுத்தி, அந்த ஒரு பூட்டுக்கு மட்டும் அளவுருவை நீக்கிவிட்டு, 13-இன் கணக்கைப் பார்க்கிறேன். இதுவரை வந்தவற்றில் சரியாகவில்லை. உங்களுக்கும் இதே தொல்லை இருந்து கர்னல் பிழைகளைப் பதிவுசெய்யும் பக்ஸில்லா தளத்தில் புகார் எழுதப் போகிறீர்கள் என்றால், லேப்டாப் மாடலையும் பயாஸ் பதிப்பையும் குறிப்பிட்டு, இன்டரப்ட்ஸ் கணக்கை ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்து, ஏசிபிஐ-டம்ப் ஃபைலோடு (ஏசிபிஐ அட்டவணைகளின் நகல்) இணைத்துவிடுங்கள். அந்த டம்ப்பில் லேப்டாப்பின் சீரியல் எண் அல்லது விண்டோஸ் உரிம எண் இருக்கக்கூடும். அனுப்புவதற்கு முன் பார்த்து நீக்கிவிடுங்கள்.