வாட்ஸ்அப் குழுவில் பார்த்து விதைநெல் வாங்குகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்

டெல்டா பக்கத்து விவசாயக் குழுக்களில் இருப்பவர்கள் கொஞ்சம் நேரம் ஒதுக்கிப் படியுங்கள். ஆடி பிறந்துவிட்டது, இன்னும் சில வாரத்தில் சம்பாவுக்கு நாற்றங்கால் விடுவோம், எல்லாரும் விதைக்கு அலைகிற நேரம். போன வருஷம் இதே நேரத்தில்தான் நான் ஏமாந்தேன். மாப்பிள்ளை சம்பா என்ற பாரம்பரிய ரகத்தின் விதைநெல் 40 கிலோ, கிலோ 110 ரூபாய், லாரி பார்சலுக்கு 350, ஆக 4,750 ரூபாய். அந்தப் பணம்கூடப் பெரிதில்லை. ஆறு மா (இரண்டு ஏக்கர்) நிலத்தில் ஒரு போகம் முழுக்கப் போனது, அதுதான் இன்னும் ஆறவில்லை.

விதை விற்ற ஆளின் பெயரை நான் எழுதவில்லை. எழுதியும் பயன் இல்லை, குழுவுக்குக் குழு பெயரை மாற்றிக்கொள்கிறார். போன மாதம் கும்பகோணம் பக்கத்து நண்பர் ஒருவர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் வேறு பெயர், வேறு ஊர், ஆனால் எழுத்துக்கு எழுத்து அதே பேச்சு. அதனால் அவர் எப்படி உள்ளே வருவார், எப்படிப் பேசுவார் என்பதைச் சொல்கிறேன்.

எங்கள் குழுவில் மன்னார்குடி, நீடாமங்கலம், திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கத்து ஆட்கள் இருநூறு பேர் இருப்போம். பங்குனியில் இவர் சேர்ந்தார். வந்த மறுநாளே ஒரு இணைப்பு போட்டார், "பாரம்பரிய நெல் பற்றி யாரோ எழுதியிருக்கிறார்கள், அருமையாக இருந்தது, அவசியம் படியுங்கள்" என்று. அதை எழுதியவரே அவர்தான் என்பது எங்களுக்குத் தெரியாது. அப்புறம் யார் எதைக் கேட்டாலும் அந்தப் பக்கத்தின் இணைப்புதான் பதில். இலைச்சுருட்டுப் புழு வந்திருக்கிறது, என்ன அடிக்கலாம் என்று ஒருவர் கேட்டால் இணைப்பு. வாய்க்காலில் முறைத் தண்ணீர் என்றைக்கு வரும் என்று கேட்டதற்கும் இணைப்பு. திறந்து பார்த்தால் கேட்டதற்குப் பதில் ஒரு வரி இருக்காது. காட்டுயானம், பூங்கார், கிச்சிலி சம்பா என்று பெயர்களும் அவற்றின் பெருமையும்தான். குழுவில் யாருக்காவது வயலில் பிரச்சினை என்றால் என்ன ஆச்சு என்று ஒரு வார்த்தை அவர் விசாரித்ததே இல்லை. அன்றைக்கே அது எனக்கு உறுத்தியிருக்க வேண்டும்.

வைகாசியில் அந்தப் பக்கத்தைப் புகழ்ந்து மூன்று பேர் எழுத ஆரம்பித்தார்கள். அதில் ஒருவர், ஏர் ஓட்டும் மாட்டுப் படம் வைத்திருப்பவர், "அண்ணே, நீங்க கொடுத்த விதையைத்தான் போட்டேன், ஒரு குத்துக்கு நாற்பது தூர் கட்டிச்சு" என்றார். தூர் என்றால் நாற்றின் அடியிலிருந்து கிளைத்து வரும் தண்டு. உடனே இன்னொருவர் "எனக்கும் கிடைக்குமாண்ணே" என்று கேட்டார். அதற்கு இவர், "நான் வியாபாரி இல்ல தம்பி, கேட்டதுக்காகக் கொஞ்சம் தர்றேன், தனியா வாங்க" என்றார். கூடவே இடுப்பளவு வளர்ந்த நெல் வயலின் படம் ஒன்று, நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் தன் நிலம் என்று.

அந்தப் படத்தைப் பார்த்து வேதாரண்யம் பக்கத்து அக்கா ஒருவர் மட்டும் கேட்டார்: "தம்பி, வயலுக்குப் பின்னாடி மலை தெரியுதே, நீடாமங்கலத்துல எங்க மலை இருக்கு?" நியாயமான கேள்வி. நம் பக்கத்தில் எந்த வயலில் நின்று பார்த்தாலும் அடுத்த ஊர்த் தென்னைமரம் வரைக்கும் தரைதான். ஆனால் மூன்று நம்பர்களும் அக்கா மேல் பாய்ந்தன. நல்லது செய்ய வருகிறவரை இப்படித்தான் விரட்டுவோமா, வயிற்றெரிச்சலா என்றெல்லாம் எழுதினார்கள். அக்கா அதோடு பேச்சை நிறுத்திவிட்டார். அவரைக் கண்டித்த ஒரு பதிவுக்கு நானும் கட்டைவிரல் போட்டேன். தை மாதம் அவர் வீட்டுக்கு நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன்.

விதை ஆடிக் கடைசியில் பார்சலில் வந்தது. உப்புத் தண்ணீரில் கோழி முட்டையை விட்டு, முட்டை ஒரு ரூபாய் அகலத்துக்கு மேலே தெரியும் வரை உப்பைக் கூட்டி, விதையைக் கொட்டிப் பார்த்தேன். பதர் ஒரு கைப்பிடிகூட மிதக்கவில்லை. சாக்கில் கட்டி வைத்ததில் முளைப்பும் குறைவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் நெல் உயிரோடு இருக்கிறதா என்பதைத்தான் அந்தச் சோதனை சொல்லும், அது என்ன நெல் என்பதைச் சொல்லாது.

மாப்பிள்ளை சம்பா ஐந்து மாதம் நின்று விளைகிற பயிர், ஆள் உயரம் வரும். ஆவணியில் விட்டால் தையில்தான் அறுப்பு. என் வயலில் ஐப்பசிக் கடைசியிலேயே அங்கங்கே கதிர் எட்டிப் பார்த்தது. முதலில் கலவன், அதாவது அங்கங்கே கலந்துவிட்ட வேறு ரகம் என்று நினைத்து ஆள்விட்டுப் பிடுங்கச் சொன்னேன். அரை நாள் பிடுங்கிவிட்டு அந்த அம்மா வரப்பில் வந்து உட்கார்ந்து, "தம்பி, இதுல எதை விடச் சொல்ற, எதைப் பிடுங்கச் சொல்ற" என்றார்கள். பாதிக்குப் பாதி குட்டை. கார்த்திகையில் குட்டை முற்றியபோது அடைமழை பிடித்துக்கொண்டது, அறுக்க ஆரம்பித்தால் பச்சையாக நிற்கும் நெட்டையும் சேர்ந்து போகும், அறுக்காமல் விட்டால் முற்றியது உதிரும் என்று நான் தினமும் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். உதிர்ந்தது. தையில் மிச்சத்தை அறுத்து, ஒரு கை நெல்லை எடுத்து நகத்தால் உமியை உரித்தேன். பத்து மணியில் ஆறு சிவப்பு, நான்கு வெள்ளை. மாப்பிள்ளை சம்பாவுக்கு அரிசி சிவப்பு, எல்லா மணியும் சிவப்பாக இருக்க வேண்டும். சந்தையில் வாங்கிய சாப்பாட்டு நெல்லைக் கலந்து விதை என்று விற்றிருக்கிறார் என்றுதான் நினைக்கிறேன். பாரம்பரிய அரிசி கேட்டு முன்பணம் கொடுத்திருந்த இரண்டு வீட்டுக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். நெல் கலப்பு நெல் விலைக்குப் போனது.

அவரிடம் கேட்டதற்கு "மண்ணுல கோளாறு, உரம் போட்டிருப்பீங்க" என்று பதில் வந்தது. மறுநாள் குழுவை விட்டு வெளியேறி, என் நம்பரையும் பிளாக் செய்துவிட்டார். அன்றைக்கு இரவுதான் ஜிபேயைத் திறந்து நான் பணம் போட்ட நம்பரைப் பார்த்தேன். எங்கேயோ பார்த்த நம்பர் மாதிரி இருக்க, குழுவில் பழைய பதிவுகளைத் தேடினேன். நாற்பது தூர் கட்டியது என்று எழுதிய மாட்டுப் படத்துக்காரரின் நம்பர் அதுதான்.

வேளாண் அலுவலகத்தில் பில் கேட்டார்கள், அட்டை கேட்டார்கள். என்னிடம் இரண்டும் இல்லை. சான்று விதை என்றால் மூட்டையில் நீல அட்டை இருக்கும், ரகம், குவியல் எண், சோதனைத் தேதி எல்லாம் அதில் இருக்கும், முளைப்பு குறைந்தது 80 சதவீதம் இருந்தாக வேண்டும். பாரம்பரிய நெல் பெரும்பாலும் விவசாயி கையிலிருந்து விவசாயி கைக்கு அட்டை இல்லாமல்தான் போகிறது. அது தப்பும் இல்லை. 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் விவசாயி தன் விதையை விற்க இடம் கொடுக்கிறது, வணிகப் பெயர் போட்டு விற்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை. எனக்கு வந்த சாக்கில் பெயரும் சின்னமும் பளிச்சென்று அச்சடித்திருந்தது. அந்தச் சாக்கைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அட்டை இல்லாத விதைக்குக் கொடுக்கிற ஆள்தான் அட்டை. திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஆதிரெங்கத்தில், பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டெடுத்த நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் அதைக் கண்ணால் பார்த்தவர்கள் நாம். 2 கிலோ வாங்கிப் போனால் அடுத்த வருஷம் 4 கிலோ கொண்டுவந்து கொடுக்க வேண்டும். 2018-இல் அவர் மறையும்போது மீட்டெடுத்த ரகங்கள் 174. வாங்கினவனும் அடுத்த வருஷம் அதே இடத்துக்கு விதையோடு வந்து நிற்க வேண்டும் என்பதால் அங்கே பொய் சொல்ல முடியாது.

ஒருவர் தன் பொருளைச் சொல்லி விற்பதை நான் குறை சொல்லவில்லை. மலையைப் பார்த்துக் கேள்வி கேட்ட அதே அக்கா, குழியடிச்சான் நெல்லில் அவல் இடித்து விற்கிறார். வருஷத்துக்கு ஒரு தடவை, அறுப்பு முடிந்ததும், அட்மினிடம் கேட்டுவிட்டு ஒரே ஒரு பதிவு போடுவார்: "இது என் வயல் நெல், நானே இடிச்சது, வேணும்னா சொல்லுங்க." அவரும் உப்பு மண்ணில் நெல் போடுவது பற்றி எழுதி வைத்திருக்கிறார். யாராவது அதையே கேட்டால் முதலில் பதிலைக் குழுவிலேயே நான்கு வரியில் சொல்லிவிட்டு, "விவரமா நான் எழுதினது இங்க இருக்கு" என்று இணைப்பு கொடுப்பார். நான் எழுதினது என்ற அந்த ஒரு வார்த்தையை அந்த ஆள் கடைசிவரை சொல்லவே இல்லை. இப்போது எங்கள் குழுவில் அட்மின் அதைக் கட்டாயமாக்கிவிட்டார். தன் பொருள், தன் எழுத்து, தன் வீடியோ எது என்றாலும் தன்னுடையது என்று சொல்லித்தான் போட வேண்டும், தனியாக வா என்று யாரையும் கூப்பிடக் கூடாது.

விதை வாங்கினால் வந்த அன்றே சாக்கின் மேலிருந்து, நடுவிலிருந்து, அடியிலிருந்து என்று நூறு மணி எடுத்து உரித்துப் பாருங்கள். கால் மணி நேர வேலை. முடிந்தால் போன போகத்திலேயே அவர் வயலை நேரில் பார்த்துவிடுங்கள்.

மலை தெரிகிற அந்த வயல் படம் உங்கள் குழுவில் வந்திருந்தால் எனக்குச் சொல்லுங்கள். ஜிபே ஸ்கிரீன்ஷாட், சாக்கின் படம், பார்சல் ரசீது மூன்றையும் அனுப்புகிறேன். இதுவரை என்னைப் போல ஏமாந்த இரண்டு பேர் கிடைத்திருக்கிறார்கள், இன்னும் கொஞ்சம் பேர் சேர்ந்தால் எல்லாரும் ஒன்றாகப் போய்ப் புகார் கொடுக்கலாம் என்று இருக்கிறோம்.