தனியாக பாபின் லேஸ் பழக எந்தப் புத்தகம் வாங்கலாம்?

பாபின் என்ற சிறு குச்சிகளில் நூலைச் சுற்றி, தலையணையில் குத்திய ஊசிகளுக்கிடையே பின்னுவதுதான் பாபின் லேஸ். இதில் கையசைவு இரண்டே இரண்டுதான். இரண்டு ஜோடியை, அதாவது நான்கு நூலை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவிலுள்ள இரண்டில் இடது நூலை வலது நூலின் மேல் போட்டால் கிராஸ். ஒவ்வொரு ஜோடியிலும் வலது நூலை இடது நூலின் மேல் போட்டால் ட்விஸ்ட். இதை எந்தப் புத்தகமும் சொல்லிக்கொடுத்துவிடும். பக்கத்தில் ஆசிரியர் இல்லாதவருக்குத் தேவை, எங்கே பிசகியது என்று கண்டுபிடிக்கக் கற்றுத்தரும் புத்தகம்.

கையில் எடுத்ததும் கிளாத் ஸ்டிச் பாடத்தைப் புரட்டுங்கள். கிராஸ், ட்விஸ்ட், கிராஸ் மூன்றும் சேர்ந்தது அது. குறுக்கே ஓடும் ஜோடிக்கு மட்டும் வேறு நிற நூல் சுற்றச் சொல்லியிருக்கிறதா? அப்படியானால் எழுதியவருக்குக் கற்பிக்கத் தெரிந்திருக்கிறது. கடைசி கிராஸ் விட்டுப்போனால் நிற நூலில் ஒன்று நடுவழியில் நின்றுவிடும், மற்றது மட்டும் ஓரத்துக்கு வந்து சேரும். நின்ற இடம்தான் தவறு நடந்த இடம். அதுவரை பிரித்தால் போதும். எல்லாம் ஒரே வெள்ளை நூல் என்றால் இதைக் கண்டுபிடிப்பதற்குள் கண் பூத்துவிடும்.

அடுத்து வரைபடங்கள். முடித்த லேஸின் அழகான புகைப்படத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒவ்வொரு ஜோடியும் எந்த ஊசியிலிருந்து எந்த ஊசிக்குப் போகிறது என்று கோடு போட்டுக் காட்டிய படம் வேண்டும். கோட்டின் நிறமே எந்த ஸ்டிச் என்று சொல்லிவிடும் பெல்ஜிய நிற முறையில் இருந்தால் இன்னும் நல்லது: ஊதா கிளாத் ஸ்டிச், பச்சை ஹாஃப் ஸ்டிச் (கிராஸ்-ட்விஸ்ட் ஒரு தடவை), சிவப்பு கிராஸ்-ட்விஸ்ட் இரண்டு தடவை.

பாட வரிசையும் முக்கியம். 2 ஜோடியில் பின்னல், பிறகு 6 முதல் 8 ஜோடியில் ஒரு பட்டை, அதன்பின் டார்ஷன் என்ற எளிய லேஸ் வகை என்று போக வேண்டும். டார்ஷனின் ஊசித்துளைகள் பொதுவாக 45 பாகைச் சாய்வில் அமைவதால் கட்டம் போட்ட தாளிலேயே நீங்களே வரைந்துகொள்ளலாம். முதல் வேலையே 30 ஜோடி கேட்கும் புத்தகத்தை அலமாரியிலேயே விட்டுவிடுங்கள்.

பழைய புத்தகங்களில் நூல் விஷயம்தான் தொல்லை. நிறுவனப் பெயரை மட்டும் போட்டிருப்பார்கள். அந்த நூல் இப்போது கிடைக்காமல் போகலாம். ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை சுற்று என்று கொடுத்திருந்தால் கையிலுள்ள நூலை ஸ்கேலில் சுற்றி எண்ணிப் பொருத்திவிடலாம். ஊசித்துளைகள் குறித்த மாதிரிப் படத்தை நகலெடுக்கும்போதும் கவனம் தேவை. பிரிண்டர் அதைத் தாளுக்குள் அடக்கச் சுருக்கிவிட்டால் துளைகள் நெருங்கிவிடும், லேஸ் திணறிப் புடைக்கும். பக்கத்தில் அளவுக்கோடு அச்சிட்டிருந்தால் ஸ்கேல் வைத்துச் சரிபார்க்கலாம்.

முதல் புத்தகம் முடியும்வரை இரண்டாவதைத் திறக்காதீர்கள். இங்கிலாந்துப் புத்தகங்களில் லேஸைத் துணியோடு தைக்கும் நேர் ஓரம் பெரும்பாலும் வலப்பக்கம், ஐரோப்பியப் புத்தகங்களில் இடப்பக்கம். சிலர் கிராஸில் தொடங்குவார்கள், சிலர் ட்விஸ்டில். இரண்டும் சரியான முறைகளே. ஆனால் ஒரே துண்டில் கலந்தால் ஊசிக்கு ஊசி ட்விஸ்ட் கூடும் அல்லது குறையும்.

கடைசியாக, சுருள்கம்பி பைண்டிங் இருக்கும் பதிப்பையே வாங்குங்கள். இரண்டு கையும் பாபினில் இருக்கும்போது புத்தகம் தானாக மூடிக்கொள்ளக் கூடாது.